சிலிண்டரை அரை மில்லிமீட்டர் இறக்கினால்

செயின் ரம்பத்தின் சிலிண்டரைக் கழற்றிக் கையில் வாங்கினால், 'இவ்வளவுதானா?' என்றுதான் முதலில் தோன்றும். ஒரு கையில் அடங்கும் அலுமினிய வார்ப்பு. சூடு ஆறுவதற்காக வெளியே வரிவரியாகத் தகடுகள். உச்சியில் ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு துளை. சிங்கப்பூர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் கிளை கழிக்க வரும் நம் ஊர்த் தம்பிகள் கையில் பிடித்திருக்கும் மெஷினின் பலமெல்லாம் இந்தச் சின்ன உருளைக்குள்தான் பிறக்கிறது. உதாரணத்துக்கு ஸ்டில் எம்.எஸ். 260-ஐ எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 44.7 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 32 மி.மீ., கொள்ளளவு 50.2 சி.சி. தஞ்சோங் பகார் பிளாசா மாடியில் ஒரு தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், அது ஆறுவதற்குள் இதன் உள்ளே ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம். வீட்டில் வைத்திருக்கும் சின்ன லேத்தில் இதற்கு என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடிப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பான சுவரில் சில திறப்புகள் தெரியும். பட்டறையில் இவற்றை போர்ட் என்பார்கள். சற்று உயரத்தில் ஒரு பக்கம் அகலமாக இருப்பது எக்ஸாஸ்ட் போர்ட்; எரிந்த புகை வெளியேறும் வழி. அதற்கு இரு பக்கமும் கொஞ்சம் தாழ்வாக இருப்பவை டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள். பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையிலிருந்து புதுக் கலவை மேலே ஏறி வரும் வழி. எதிர்ப்பக்கம் இன்னும் கீழே இருப்பது இன்டேக் போர்ட். கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறைக்குள் நுழையும் வழி. கார் எஞ்சினில் இருப்பதுபோல வால்வு, ஸ்பிரிங், கேம் எதுவும் இங்கே கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது தன் உடம்பாலேயே இந்தத் திறப்புகளை மூடித் திறக்கிறது. இங்கிலாந்தின் ஜோசப் டே 1891-இல் கிராங்க் அறையையே பம்ப்பாகப் பயன்படுத்தும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அவரிடம் வேலை செய்த ஃபிரெடரிக் காக், உள்ளிழுக்கும் வழியையும் பிஸ்டனே திறக்கும்படி மாற்றினார். 130 ஆண்டுகள் கடந்தும் அடிப்படை அதேதான்.

இந்தச் சிலிண்டரை யாரிடம் காட்டினாலும் ஒரே கேள்வி வரும்: "எந்த ஓட்டையைப் பெரிசாக்கினா பவர் ஏறும்?" கேட்பவர் புத்திசாலிதான். காற்று அதிகம் போனால் பெட்ரோல் அதிகம் எரியும், பெட்ரோல் அதிகம் எரிந்தால் பலம் கூடும் என்ற கணக்கில் பிழை இல்லை. ஆனால் போர்ட்டைத் துளையாக மட்டும் பார்ப்பதால் அதன் பாதி வேலை கண்ணில் படாமல் போகிறது. அது எப்போது திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எதற்கு முன், எதற்குப் பின் என்பதுதான் மறைந்திருக்கும் அந்தப் பாதி.

காலை எட்டரை மணிக்கு தஞ்சோங் பகார் எம்ஆர்டி நிலையத்தை நினைத்துக்கொள்வோம். ரயில் கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டும்; நெரிசல் கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் வெளியே நிற்பவர்கள் ஏற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் வாசலில் முட்டிக்கொண்டு யாரும் நகர மாட்டார்கள். கதவை அரை மீட்டர் அகலப்படுத்தினாலும் இந்த முட்டல் தீராது. சிலிண்டருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. எரிந்த புகை இன்னும் அழுத்தத்தோடு இருக்கும்போதே டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்துகொண்டால், புதுக் கலவை மேலே வருவதற்குப் பதிலாகப் புகை அதன் வழியாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே எக்ஸாஸ்ட் முதலில் திறந்து, அழுத்தம் தணிந்து, அதன் பிறகு டிரான்ஸ்ஃபர் திறக்க வேண்டும். இந்த இடைவெளிக்கு புளோடவுன் என்று பெயர். இறங்குபவர்களுக்காக ஒதுக்கிய நேரம்.

இதை அளப்பது டிகிரியில். கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 360 டிகிரி. பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம் பூஜ்யம். இந்த அளவு ரம்பங்களில், ஏறத்தாழச் சொன்னால், உச்சியிலிருந்து 100 டிகிரி தாண்டியதும் எக்ஸாஸ்ட் திறக்கும். 120-இல் டிரான்ஸ்ஃபர் திறக்கும். பிஸ்டன் அடிமட்டம் போய்த் திரும்பும்போது 240-இல் டிரான்ஸ்ஃபரும் 260-இல் எக்ஸாஸ்ட்டும் மூடும். இன்டேக், உச்சிக்கு 75 டிகிரி முன்னால் திறந்து உச்சி கழிந்து 75-இல் மூடும். மரத்தை அறுக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது ஒரு டிகிரி என்பது விநாடியில் 60,000-இல் ஒரு பங்கு. புளோடவுனுக்குக் கிடைக்கும் 20 டிகிரி, விநாடியில் 3,000-இல் ஒரு பங்கு. அதற்குள் இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கியாக வேண்டும்!

இதே டூ-ஸ்ட்ரோக் கணக்கு, இதே தஞ்சோங் பகாரில், மலைக்க வைக்கும் அளவில் வந்து போயிருக்கிறது. 1864-இல் தஞ்சோங் பகார் டாக் கம்பெனி தொடங்கியது. 1868-இல் விக்டோரியா டாக், 1879-இல் ஆல்பர்ட் டாக். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளும் அவற்றோடு வந்தன. தமிழ்த் தொழிலாளர்கள் துறைமுகத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் இங்கே வேரூன்றியதும், உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி பிறந்ததும் அந்தத் தொடர்ச்சியில்தான். 1972 ஜூன் 23-இல் 'நிஹோன்' என்ற முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகார் முனையத்துக்கு வந்தது. பெரிய கொள்கலன் கப்பல்களைத் தள்ளுபவை பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்கள்தாம். அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான வார்ட்சிலா-சுல்சர் ஆர்டிஏ96சி-யின் சிலிண்டர் விட்டம் 960 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 2,500 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 102 சுற்று. அதில் ஒரு டிகிரிக்கு விநாடியில் 612-இல் ஒரு பங்கு நேரம் கிடைக்கிறது. நம் ரம்பத்துக்குக் கிடைப்பதைப் போல நூறு மடங்கு. அந்த எஞ்சினில் புகை வெளியேற உச்சியில் தனி வால்வு வைக்க இடமும் உண்டு, அவகாசமும் உண்டு. கையில் தூக்கிப் பிடிக்கும் மெஷினில் இரண்டும் இல்லை.

சரி, மறுபடி அந்தக் கேள்விக்கு வருவோம். ஓட்டையைப் பெரிசாக்குவது என்றால் எந்தப் பக்கமாக? அகலப்படுத்தினால் வழி விரிகிறது, நேரம் மாறுவதில்லை. எக்ஸாஸ்ட்டின் மேல் விளிம்பை உயர்த்தினால் நேரமே மாறுகிறது. 32 மி.மீ. ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 4 டிகிரி முன்னதாகத் திறந்து 4 டிகிரி பின்னதாக மூடும். ஆக மொத்தம் 8 டிகிரி கூடுகிறது. அந்த 8 டிகிரி எங்கிருந்து வந்தது? வெடித்த வாயு பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருந்த தூரத்திலிருந்தும், புதுக் கலவையை அழுத்திக்கொண்டிருந்த தூரத்திலிருந்தும் பிடுங்கியது. மிக வேகமாகச் சுற்றும்போது இந்த மாற்றம் லாபம் தரும். வேகம் குறைந்தால் இழுவை போய்விடும்.

தமிழ்நாட்டில் யமஹா ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்கள் இந்த இடத்தில் மறுத்துப் பேசுவார்கள். 1985 முதல் 1996 வரை வந்த அந்த வண்டியின் போர்ட்டை உயர்த்தி ஓட்டாத ஊர் உண்டா, சோழவரத்து விமானத் தளப் பந்தயங்களிலிருந்து கற்ற வித்தை அல்லவா என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் பைக்கில் அந்த வித்தை பலிப்பதற்குக் காரணம் சிலிண்டருக்கு வெளியே இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் பந்தயப் பிரிவில் வால்டர் காடன் என்ற பொறியாளர், புகைக்குழாயின் வயிற்றைப் பெருக்க வைத்து வாலைக் குறுக்கி, அதில் எதிரொலிக்கும் அழுத்த அலையைப் பயன்படுத்தினார். வெளியே தப்பிய புதுக் கலவையை அந்த அலை, போர்ட் மூடும் தறுவாயில் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளியது. 1961-இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 10,800 சுற்றில் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும். ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளின் பரம்பரையில் அந்த அறிவு கலந்துவிட்டது.

செயின் ரம்பத்தில் அப்படி ஒரு குழாய் கிடையாது. ஒரு மீட்டர் நீளக் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் மரத்தில் ஏற முடியாது. இருப்பது கைப்பிடி அளவு சைலன்சர் பெட்டி மட்டும். எக்ஸாஸ்ட்டை உயர்த்தினால் தப்பிப் போகும் கலவையைத் திருப்பித் தள்ள எந்த அலையும் வராது, போனது போனதுதான். கியரும் இல்லை. பைக்கில் வேகம் குறைந்தால் ஒரு கியர் இறக்கிக்கொள்ளலாம். தண்டில் பதிந்த ரம்பத்துக்கு இறக்க எதுவும் இல்லை. பைக்குக்குச் சரியாக வந்த அளவை ரம்பத்தில் போடுபவர்கள், சும்மா முடுக்கும்போது அலறி, மரத்தில் வைத்ததும் திணறும் மெஷினைத்தான் பெறுகிறார்கள். இதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது.

அதனால்தான் வீட்டுப் பட்டறையில் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஒரு போர்ட்டையும் தொடாத வேலை: சிலிண்டரின் அடித்தளத்தை லேத்தில் சிறிது கடைந்து முழுச் சிலிண்டரையும் கீழே இறக்குவது. இந்த ஒரு வேலையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அளவெடுப்பதில் தொடங்குவோம். பிளக்கைக் கழற்றி, பற்றவைக்கும் ஈயக்கம்பித் துண்டு ஒன்றை உள்ளே விட்டு, சுவரைத் தொடும்படி பிடித்துக்கொண்டு கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றினால், உச்சியில் பிஸ்டன் கம்பியை நசுக்கும். நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் பிஸ்டன் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே உள்ள சந்து தெரியும். இதற்கு ஸ்குவிஷ் என்று பெயர். கம்பியை, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின் போகும் திசையில் வைக்க வேண்டும். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு பொய்யாகும். கம்பெனியிலிருந்து வரும் ரம்பங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருப்பது சகஜம். அரை மில்லிமீட்டர் வரை இறக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள்: உச்ச வேகத்தில் கனெக்டிங் ராடு நீள்வதும், பேரிங்கின் இடைவெளியும் சேர்ந்தால் பிஸ்டன் கூரையில் இடிக்கும்.

அரை மில்லிமீட்டர் இறக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 44.7 மி.மீ. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 0.8 சி.சி. எரியும் அறை 6 சி.சி. இருந்தது என்று வைத்தால் இப்போது 5.2. எக்ஸாஸ்ட் மூடியதிலிருந்து கணக்கிடும் அழுத்த விகிதம் ஏறத்தாழ 6.5-இலிருந்து 7.5-க்கு ஏறுகிறது. எல்லாரும் எதிர்பார்ப்பது இந்த லாபத்தை மட்டும்தான். ஆனால் சிலிண்டரோடு போர்ட்டுகளும் அரை மில்லிமீட்டர் கீழே வந்துவிட்டனவே! எக்ஸாஸ்ட் சுமார் 2 டிகிரி தாமதமாகத் திறக்கிறது. டிரான்ஸ்ஃபர் சுமார் இரண்டரை டிகிரி தாமதமாகிறது. அந்த இடத்தில் பிஸ்டன் மெதுவாக நகர்வதால் அதே அரை மில்லிமீட்டருக்கு டிகிரி கூடுதல். ஆகவே புளோடவுன் ஒரு துளி நீள்கிறது. இன்டேக்கை மட்டும் பிஸ்டனின் கீழ் விளிம்பு திறப்பதால், அதற்கு எதிர்மாறு: கிட்டத்தட்ட ஒன்றரை முதல் 2 டிகிரி முன்னதாகத் திறக்கிறது. ஒரு ஓட்டையையும் அரம் தொடவில்லை; மூன்று போர்ட்டுகளின் நேரமும் மாறிவிட்டது.

தாமதமான எக்ஸாஸ்ட்டால் கீழ் வேகத்தில் இழுவை கூடும், மேல் வேகத்தில் கொஞ்சம் மூச்சுத் திணறும். தடிமனான மரம் அறுப்பவருக்கு அதுவே போதும் என்று அப்படியே விடலாம். பழைய நேரமே வேண்டுமானால் எக்ஸாஸ்ட்டின் மேல் விளிம்பை அதே அரை மில்லிமீட்டர் உயர்த்தலாம். அப்போதும் அழுத்த விகிதம் 7.3 அளவில் நிற்கும். லாபத்தின் பெரும்பகுதி எரியும் அறை சுருங்கியதால் வந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் கீழ் விளிம்பு எக்ஸாஸ்ட்டின் அடி விளிம்பை இன்னும் மூடுகிறதா? இறக்கிய பிறகு அங்கே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் கிராங்க் அறை சைலன்சரோடு சேர்ந்துவிடும். கார்பரேட்டரை இழுக்க வேண்டிய உறிஞ்சல் புகைக்குழாயில் போகும். கடையும் முன்பே பார்க்க வேண்டிய சங்கதி இது.

இப்போது லேத். வீவக வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி கட்டப்பட்டது. 40 கிலோ எடையுள்ள சின்ன பெஞ்ச் லேத் அதற்குள் அடங்கும். சிக்கல் வேறு இடத்தில்: மேலே மூடிய இந்தச் சிலிண்டரை எதைப் பிடித்துச் சுற்றுவது? வெளித் தகடுகளைச் சக்கில் பிடித்தால் உடையும், நேராகவும் நிற்காது. அலுமினியத் தண்டு ஒன்றைச் சக்கில் மாட்டி, சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு இறுக்கமாகப் போகும் அளவுக்குக் கடைந்து, சக்கிலிருந்து கழற்றாமலே சிலிண்டரை அதன்மேல் ஏற்ற வேண்டும். அடித்தளம் சக்கைப் பார்த்து இருக்கும். மறுமுனையில் டெயில்ஸ்டாக்கால் பிளக் துளையில் ஒரு தாங்கல். கையால் சுற்றி டயல் கேஜ் வைத்து அடித்தளம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு மெதுவான வேகத்தில், ஒரு தடவைக்கு 0.1 மி.மீ. மட்டும். அடித்தளம் வட்டமாக இல்லாமல் மூலைகளோடு இருப்பதால் உளி ஒவ்வொரு மூலையிலும் தட்டித் தட்டி வெட்டும். அந்த டக்-டக் சத்தம் சீராக இருக்கும்வரை பயமில்லை. சத்தம் மாறினால் சிலிண்டர் தண்டின்மேல் நழுவுகிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள்.

உள்சுவரை மட்டும் எக்காரணம் கொண்டும் போரிங் போடாதீர்கள். அதன்மேல் இருப்பது நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த பூச்சு; மாலே நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த நிகாசில் வகை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத கனம். அதைத் தாண்டினால் மென்மையான அலுமினியம் வெளியே வந்துவிடும். போர்ட்டை அரைப்பதானால் உட்சுவர் விளிம்பில் பூச்சு உரியாமல் வைரம் பதித்த சின்ன முனையால் செய்ய வேண்டும். அகலம் உள்விட்டத்தில் 65 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் சிலிண்டருக்கு அது 29 மி.மீ. அதற்கு மேல் போனால் பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கிச் சிக்கும். கடைசியாக எல்லா விளிம்புகளையும் மெல்லச் சாய்த்து மழுங்கடிக்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் ரிங்கின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

சம்பளத்துக்கு மரம் கழிக்கும் தம்பிகளின் ரம்பத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் பயிற்சி பெற்றது கம்பெனி கொடுத்த வேகத்துக்கு. ஏணியிலும் தூக்கியிலும் நின்று அறுக்கும்போது சங்கிலி எதிர்பாராத வேகத்தில் உதைத்தால் அடிபடுவது அவர்கள்தாம். சொந்தமாக வாங்கிய பழைய மெஷினில், தரையில் கிடக்கும் கட்டையை அறுப்பவர் செய்து பார்க்கட்டும்.

பூட்டி முடித்த பிறகு வீட்டுக்குள் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கிராஞ்சிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாரையாவது பிடியுங்கள். எஞ்சின் முன்பைவிட அதிகக் காற்றை இழுக்கும், ஆகவே பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். பழைய அளவிலேயே ஓட்டினால் கலவை வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்பரேட்டரின் 'எச்' திருகை முதலில் தாராளமாகத் திறந்து வையுங்கள். மரத்தில் வைக்காமல் முழுதாக முடுக்கும்போது சத்தம் கரகரவென்று இருக்க வேண்டும். மரத்தில் அழுத்தியதும் அந்தக் கரகரப்பு நீங்கிச் சுத்தமாக வேண்டும். சும்மா முடுக்கும்போதே சத்தம் சுத்தமாக இருந்தால் கையை எடுத்துவிட்டு, திருகை இன்னும் ஒரு கால் சுற்று திறந்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.